டிரேடிங்கில் நஷ்ட பயம்: கை ஏன் நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. சனிக்கிழமை மாலை வந்த மக்களவைத் தேர்தல் எக்ஸிட் போல் முடிவுகளை நம்பிச் சந்தை எகிறியது. 50 பெரிய பங்குகளை வைத்துக் கணக்கிடும் குறியீடான நிஃப்டி 23,264 புள்ளிகளில் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஆளும் கூட்டணிக்குக் கணிப்பு சொன்ன அளவுக்கு இடங்கள் வரவில்லை என்று தெரியத் தெரிய நிஃப்டி சரிந்தது. நடுவில் 21,300-க்கும் கீழே போய், கடைசியில் 21,884-இல் நின்றது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் காலி. அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, நிஃப்டி 23,290.

போனது மூன்றே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் வரவில்லை. முழுப் பணம் கொடுத்து நிஃப்டி இடிஎஃப் (நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) வாங்கி வைத்திருந்தவருக்கு அது ஒரு மோசமான செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். திங்கள் மாலை ஒரு லாட் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான விலை ஒப்பந்தம்) வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுப்பு, 25. பொசிஷனின், அதாவது அவர் கையில் வைத்திருக்கும் டிரேடின், மதிப்பு 5.8 லட்சம் ரூபாய். அதில் ஒரு பகுதியை மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக, கட்டினால் போதும். குறியீட்டின் அளவை வைத்தே கணக்குப் போட்டால், செவ்வாய் மாலை அவருக்கு எம்டிஎம் (அன்றைய விலைப்படி கணக்கிடும்) நஷ்டம் ஏறத்தாழ 34,500 ரூபாய். நடுப்பகலில் அடிமட்டத்தில் இருந்தபோது அது 50,000-ஐத் தொட்டிருக்கும். கணக்கில் பணம் போதவில்லை என்றால் புரோக்கரே பொசிஷனை ஸ்கொயர் ஆஃப் செய்துவிடுவார், அதாவது விற்று முடித்துவிடுவார். பணம் இருந்தாலும், அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பலர் அடியில் விற்றுவிட்டு வெளியே வருவது இப்படித்தான்.

இருவருக்கும் சந்தை ஒன்றுதான். முதலாமவர் தைரியசாலி, இரண்டாமவர் பயந்தாங்கொள்ளி என்றா சொல்ல முடியும்? இடத்தை மாற்றி உட்கார வைத்தால் முதலாமவருக்கும் வியர்த்திருக்கும். டிரேடிங் பயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பயத்தில் பெரும்பகுதி பொசிஷனின் அளவிலிருந்து வருகிறது. அந்த அளவை ஆர்டர் போடுவதற்கு முன்பே மாற்றலாம். ஆர்டர் போட்டபிறகு மனதை மாற்றுவது ரொம்பச் சிரமம். ஏன் சிரமம் என்பதை முதலில் பார்ப்போம்.

பத்தாயிரம் ரூபாய் லாபம் வந்தால் ஒரு சந்தோஷம். பத்தாயிரம் நஷ்டம் வந்தால் அதே அளவு வருத்தம்தான் வர வேண்டும், இல்லையா? அப்படி வருவதில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்கள்: மனிதர்களுக்கு லாபத்தைவிட அதே அளவு நஷ்டம் அதிகமாக வலிக்கிறது. 1992-இல் அவர்களே எழுதிய இன்னொரு கட்டுரையில் அந்த வலியை அளந்து, ஏறக்குறைய 2.25 மடங்கு என்று மதிப்பிட்டார்கள். கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-இலேயே காலமாகிவிட்டார்.

ஆளுக்கு ஆள் அந்த மடங்கு மாறும். ஆனால் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டாலே போதும், டிரேடிங்கில் நடக்கும் பல விநோதங்கள் புரிந்துவிடும். உதாரணமாக, வீட்டில் அவசரத் தேவை, ஏதாவது ஒரு பங்கை விற்க வேண்டும். ஒன்று 8 சதவீத லாபத்தில் இருக்கிறது, இன்னொன்று 12 சதவீத நஷ்டத்தில். எதை விற்பீர்கள்? பெரும்பாலோர் லாபத்தில் இருப்பதைத்தான் விற்கிறார்கள். "நஷ்டத்தில் இருப்பதை விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும், அது திரும்பி வரட்டும்" என்பது காரணம். விற்காதவரை அது நஷ்டமே இல்லை என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். பங்குகள் இருக்கும் டிமேட் கணக்கு அப்படி நினைப்பதில்லை.

அமெரிக்காவில் டெரன்ஸ் ஓடியன் என்ற ஆய்வாளர் ஒரு தள்ளுபடி (குறைந்த கட்டண) புரோக்கரின் 10,000 வாடிக்கையாளர் கணக்குகளை, 1987 முதல் 1993 வரையிலானவற்றை, எடுத்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். லாபத்தில் இருக்கும் பங்குகளை, நஷ்டத்தில் இருப்பவற்றைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் விற்றிருந்தார்கள். இதில் வேதனை என்னவென்றால், விற்கப்பட்ட லாபப் பங்குகள்தான் அடுத்த ஒரு வருடத்தில், கையில் பிடித்து வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதம் கூடுதலாக ஏறியிருந்தன. நம்மூரில் இதற்கு ஒரு படி மேலே போய், விழுகிற பங்கையே மறுபடி மறுபடி வாங்கி "ஆவரேஜ் பண்ணியிருக்கேன்" என்பார்கள். திட்டம் போட்டுச் செய்தால் அது ஒரு முறை. வலி தாங்காமல் செய்தால் அது நஷ்டத்துக்கு உரம் போடுவது.

சரி, பயமே இல்லாத ஒருவர் எப்படி விளையாடுவார்? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாபா ஷிவ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட சோதனை அது. ஒவ்வொருவர் கையிலும் 20 டாலர். மொத்தம் 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலர் போடலாம், போடாமலும் இருக்கலாம். போட்டால் நாணயத்தைச் சுண்டுவார்கள். தோற்றால் அந்த டாலர் போச்சு. ஜெயித்தால் இரண்டரை டாலர். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 1.25 டாலர் வரும். அதாவது 20 சுற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் சரி. சாதாரண ஆட்கள் 60 சதவீதத்துக்கும் குறைவான சுற்றுகளில்தான் போட்டார்கள். ஒருமுறை தோற்றுவிட்டால் அடுத்த சுற்றில் ஒதுங்கிக்கொண்டார்கள். மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி பாதிக்கப்பட்ட நோயாளிகளோ 80 சதவீதத்துக்கு மேற்பட்ட சுற்றுகளில் போட்டார்கள். கடைசியில் அதிகம் சம்பாதித்ததும் அவர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு "உணர்ச்சியே இல்லாமல் டிரேட் பண்ணு" என்று யாராவது அறிவுரை சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்த விளையாட்டில் விதி முன்கூட்டியே தெரியும், வாய்ப்பு நம் பக்கம் இருக்கிறது, ஒரு சுற்றில் போகக்கூடியது ஒரே டாலர். நிஜ வாழ்க்கையில் இதே மாதிரி மூளைப் பாதிப்பு உள்ளவர்கள் பண விஷயத்தில் தவறான முடிவுகளை எடுத்துத் திண்டாடுவதும் பதிவாகியிருக்கிறது. சந்தையில் வாய்ப்பு நம் பக்கம் இருக்கிறதா என்பதே பாதி நேரம் தெரியாது. அங்கே பயம் ஓரளவு வேண்டியதுதான்.

அப்புறம், பயம் மனதோடு நிற்பதில்லை. ஜான் கோட்ஸ் என்பவர் வால் ஸ்ட்ரீட்டில் டிரேடராக இருந்துவிட்டு நரம்பியல் ஆராய்ச்சிக்குப் போனவர். அவரும் ஜோ ஹெர்பர்ட்டும் லண்டனில் 17 ஆண் டிரேடர்களின் எச்சிலை எட்டு வேலை நாட்களுக்குக் காலையும் மாலையும் எடுத்துச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சந்தையின் ஏற்ற இறக்கம் கூடக்கூட, அவர்களுடைய லாப நஷ்டம் தாறுமாறாக ஆட ஆட, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோனும் கூடியது. வருடக்கணக்கில் இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் உடம்பே அப்படி என்றால், காலை 9:15-க்கு அலுவலகக் கழிப்பறையில் நின்றுகொண்டு மொபைலில் பேங்க் நிஃப்டி (வங்கிப் பங்குகளின் குறியீடு) ஆப்ஷன், அதாவது குறிப்பிட்ட விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம், வாங்குகிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

நஷ்ட பயத்தின் இன்னொரு முகம் இதைவிட ஆபத்தானது: விட்டதைப் பிடிக்கும் வெறி. நஷ்டம் வந்தபிறகு மனிதர்கள் ஒதுங்குவார்கள் என்று பார்த்தோம். ஆனால் "இந்த ஒரு டிரேடில் எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாய்ப்பு கண்ணில் பட்டால் நிலைமை தலைகீழ். ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் எழுதிய கட்டுரையில் இதைக் காட்டினார்கள். முதலுக்கு முதல் திரும்பி வரும் வழி தெரிந்தால், நஷ்டத்தில் இருப்பவர்கள் வழக்கத்தைவிடப் பெரிய ரிஸ்க் எடுக்கிறார்கள். காலையில் 4,000 போனவர் மதியம் இரண்டு லாட் போடுவது, எக்ஸ்பைரி (ஒப்பந்தம் காலாவதியாகும்) நாளில் மூன்று மணிக்கு "போனால் 2,000, வந்தால் 10,000" என்று செத்துக்கொண்டிருக்கும் ஆப்ஷனை வாங்குவது எல்லாம் இந்த வகை. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடம் தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) சந்தையை விடாமல் தொடர்ந்ததாக இருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கணக்கும் இந்த வெறிக்கு எதிராகத்தான் நிற்கிறது. 10 சதவீதம் இழந்தால் பழைய இடத்துக்கு வர 11 சதவீத லாபம் போதும். 25 சதவீதம் இழந்தால் 33 வேண்டும். பாதி போனால் 100 சதவீதம், அதாவது மிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 80 சதவீதம் போனவருக்கு 400 சதவீதம் தேவை.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். முதல் வேலை, ஒரு டிரேடில் எவ்வளவு போனால் தாங்கும் என்று முடிவு செய்வது. "எவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். மொத்த முதல் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிரேடுக்கு அதில் 1 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். ஒரு பங்கு 500-இல் இருக்கிறது. நீங்கள் பார்த்த சார்ட்டின்படி 485-க்குக் கீழே போனால் உங்கள் கணிப்பு தவறு. வித்தியாசம் 15 ரூபாய். 2,000-ஐ 15-ஆல் வகுத்தால் 133 பங்கு. அவ்வளவுதான் வாங்க வேண்டும். கையில் இருந்து 66,500 ரூபாய் போகும். அதே பங்கு ரொம்ப ஆட்டம் காட்டுவது, ஸ்டாப்லாஸை (அந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) 460-இல் வைத்தால்தான் அர்த்தம் என்றால், 40 ரூபாய் வித்தியாசம், 50 பங்கு.

புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் 400 பங்கு வாங்கிவிடுகிறார்கள். பிறகு 15 ரூபாய் இறங்கினால் 6,000 போகுமே என்று வயிற்றைக் கலக்குகிறது. உடனே ஸ்டாப்லாஸை 495-க்கு ஏற்றிவிடுகிறார்கள். 500 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் ஆடுவது மூச்சு விடுகிற மாதிரி. சில நிமிடங்களிலேயே ஸ்டாப்லாஸ் அடித்துவிடும். அப்புறம் பங்கு அவர் நினைத்தபடியே 530-க்குப் போகும். "என்னைப் பார்த்துத்தான் அடிக்கிறாங்க" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கே பிறப்பதுதான். அவர் கணிப்பில் தப்பில்லை. அளவில் தப்பு.

ஏன் 1 சதவீதம், 10 இல்லை? ஒருவருடைய முறை பாதிக்குப் பாதி ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயிக்கும்போது வருவது தோற்கும்போது போவதைவிட அதிகம் என்பதால் மொத்தத்தில் லாபம்தான். நல்ல முறை. ஆனாலும் 100 டிரேடுக்குள் எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து நஷ்டம் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 81 சதவீதம். அதாவது வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரேடுக்கு 1 சதவீதம் வைத்தவரின் 2 லட்சம் அந்த ஐந்தோடு 1,90,200 ஆகும். எரிச்சலாக இருக்கும், தூக்கம் கெடாது. டிரேடுக்கு 10 சதவீதம் வைத்தவரிடம் மிஞ்சுவது 1,18,000. அவர் பழைய இடத்துக்கு வர 69 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். ஐந்தாவது நஷ்டத்தின்போது அவர் தன் முறையைத் தூக்கி எறிந்துவிட்டு யூடியூபில் வேறு முறை தேடிக்கொண்டிருப்பார். இருவரும் பயன்படுத்தியது ஒரே முறை என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்டாப்லாஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது காப்பீடு இல்லை. ராத்திரி ஏதாவது செய்தி வந்து 500-இல் முடிந்த பங்கு மறுநாள் காலை 460-இல் திறந்தால், 485-இல் நிற்க வேண்டியவர் 460-இல்தான் வெளியே வருவார். 133 பங்குக்கு 2,000 போக வேண்டிய இடத்தில் 5,300 போகும். லிமிட் விலையோடு (இதற்குக் கீழே விற்காதே என்ற விலையோடு) போட்ட ஸ்டாப்லாஸ் ஆர்டராக இருந்தால், விலை ஒரேயடியாகத் தாண்டிப் போய்விட்டால் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே தொங்கிக்கொண்டும் இருக்கலாம். அதனால் இரவு தாண்டி வைக்கும் பொசிஷன் இன்னும் சிறியதாக இருப்பது நல்லது. தேர்தல் முடிவு, பட்ஜெட், கம்பெனியின் காலாண்டு முடிவு மாதிரி நாட்களுக்கு முந்தைய மாலை, வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது, நாள் கணக்கு. ஒரு நாளில் இவ்வளவு போனால் கடையைச் சாத்திவிடுவது என்று ஒரு எல்லை. 2 லட்சம் வைத்திருப்பவருக்கு 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லையை நஷ்டப்பட்ட நேரத்தில் நீங்களே மதிப்பீர்கள் என்று நம்பாதீர்கள். விட்டதைப் பிடிக்கும் வெறி வேலை செய்வது அப்போதுதான். சில புரோக்கர் செயலிகளில் கில் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் குறிப்பிட்ட நேரம்வரை புதிய ஆர்டர் போடவே முடியாது. அது இல்லையென்றால் வீட்டில் ஒருவரிடம் மொபைலைக் கொடுத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

திரையைப் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதும் உண்மையிலேயே பலன் தரும், குறிப்பாக நாள் கணக்கில், வாரக் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு. ஷ்லோமோ பெனார்ட்ஸியும் தேலரும் 1995-இல் சொன்ன வாதம் இது. ஒரு பங்கு 100 நாளில் 53 நாள் ஏறுகிறது, 47 நாள் இறங்குகிறது, ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவு என்று கற்பனை செய்யுங்கள். கணக்குப்படி லாபம். ஆனால் இறக்கம் இரண்டு மடங்கு வலிக்கிறது என்றால், தினமும் பார்ப்பவருக்கு 53 அளவு சந்தோஷம், 94 அளவு வலி. நூறு நாள் கழித்து ஒரே ஒருமுறை பார்ப்பவருக்குத் தெரிவது சின்ன லாபம் மட்டும். ஒரே பங்குதான், ஒருவர் நொந்துபோய் விற்றிருப்பார், இன்னொருவர் நிம்மதியாக இருப்பார்.

குறிப்பு எழுதச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் வாங்கிய விலை, விற்ற விலை எல்லாம் புரோக்கரே தருகிறார். அவர் தராததை எழுதுங்கள். "காலை 10:12. 133 பங்கு, 500. தப்பு என்றால் 485. ஏன் வாங்கினேன்: மூணு நாளா 502-ஐத் தாண்டாம நின்னது, இன்னிக்கு வால்யூமோட வருது. மனசு: நேத்து போனதை எடுக்கணும்னு ஒரு அரிப்பு இருக்கு." அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஒரு மாதம் கழித்து, "அரிப்பு" என்று எழுதிய டிரேடுகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

மூச்சுப் பயிற்சி, தியானம், நடை ஆகியவை உடம்பைக் கொஞ்சம் தணிக்கும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் 400 பங்குப் பொசிஷனை மூச்சுப் பயிற்சி 133 ஆக்கிவிடாது. பேப்பர் டிரேடிங்கும் (நிஜப் பணம் போடாத ஒத்திகை) அப்படித்தான்: பட்டனை எங்கே அழுத்துவது என்று கற்றுக்கொள்ள உதவும். வலிக்காத பணத்தில் பயத்தைப் பழக முடியாது என்பதால், அடுத்த படியாக மிகச் சின்னத் தொகையோடு நிஜச் சந்தைக்கு வருவதே மேல். பத்துப் பங்கு வாங்கினாலும் போதும்.

எந்தப் பணம் என்பதும் பயத்தைத் தீர்மானிக்கிறது. அடுத்த மாதம் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம், நகையை அடகு வைத்து எடுத்தது, கடன் செயலியில் வாங்கியது, மாமனார் நம்பிக் கொடுத்தது — இவற்றில் எதை வைத்து விளையாடினாலும் ஸ்டாப்லாஸை மனசு ஏற்றுக்கொள்ளாது. ஏனென்றால் அந்தப் பணத்துக்குத் தோற்க அனுமதியே இல்லை. டெலிகிராம் குழுக்களில் வரும் லாப ஸ்கிரீன்ஷாட்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நஷ்ட ஸ்கிரீன்ஷாட் யாரும் போடுவதில்லை என்பதால், ஊரே சம்பாதிக்கிறது நாம் மட்டும்தான் தோற்கிறோம் என்ற எண்ணம் வரும்.

ஊரே தோற்கிறது என்பதுதான் உண்மை. அதே செபி ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய். மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். புரோக்கர் செயலியைத் திறந்ததும் "பத்தில் ஒன்பது பேருக்கு நஷ்டம்" என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கிறதே, படிக்காமல் தள்ளிவிடுகிறோமே, அது செபி போடச் சொன்னதுதான். எஃப் அண்ட் ஓ இல்லாமல் பங்குகளில் மட்டும் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்தவர்களிலும் 2023 நிதியாண்டில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம்.

ஆகவே பயம் வரும்போது அதை உடனே ஒரு வியாதியாக நினைக்க வேண்டாம். சில சமயம் பயம் சரியான தகவலைத்தான் சொல்கிறது: உன்னிடம் சோதித்துப் பார்த்த முறை எதுவும் இல்லை, அளவு பெரிசு, பணம் உன்னுடையது இல்லை என்று. அளவைக் கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் அதே நடுக்கம் இருந்தால் கவனிக்க வேண்டியது மனதை. நடுக்கம் போய்விட்டால் பிரச்சினை மனதில் இருக்கவில்லை.

கடைசியாக, எல்லை தாண்டிப்போன நிலை ஒன்று உண்டு. மனைவிக்கோ கணவருக்கோ தெரியாமல் ஸ்டேட்மென்டை மறைப்பது, மார்ஜினுக்காகக் கடன் மேல் கடன் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமைகூடக் கிஃப்ட் நிஃப்டி (நம் சந்தைக்கு முன்பே திறக்கும் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ்) திங்கள் எங்கே திறக்கும் என்று நினைத்துத் தூங்காமல் புரள்வது, சாப்பாடு இறங்காமல் போவது. இந்த நிலையில் பொசிஷன் அளவைப் பற்றிப் படிப்பதில் பயனில்லை. புரோக்கரிடம் சொல்லிக் கணக்கில் எஃப் அண்ட் ஓ பிரிவை மூடிவிடலாம். பல புரோக்கர்களின் செயலியிலேயே அதற்கு வழி இருக்கிறது. கடன் எவ்வளவு என்பதை வீட்டில் ஒருவரிடமாவது முழுத்தொகையாகச் சொல்லிவிடுங்கள், பாதியை மறைத்துச் சொன்னால் மீதிக்காக மறுபடி சந்தைக்கு ஓட வேண்டிவரும். மனம் உடைந்துபோய் விபரீத எண்ணங்கள் வருகிறது என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.